சலூனிலிருந்து சிஸ்டருக்கு

மார்ச் 4

அன்புள்ள சிஸ்டருக்கு,

ஒன்பது வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். அப்படி யாரும் போகவில்லை. எனக்குத்தான் உடம்பு சரியில்லை.

உன் அக்காவிடம் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கினேன். போன் நம்பரும் கேட்டேன். "விலாசம் குடுத்ததே அதிகம்" என்றுவிட்டாள். நம்பர் கிடைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை. என்னிடம் இப்போது குரல் இல்லை.

சிஸ்டர் என்றே எழுதிவிட்டேன். வேறு எப்படி எழுதுவதென்று கை வரவில்லை. ஆஸ்பத்திரியே உன்னை அப்படிக் கூப்பிட, நானும் கூப்பிடப் போய், பெண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிடும் ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று கடையில் சிரிப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொண்டையில் புற்றுநோய். கத்தி வைக்க வேண்டாம், கதிர்வீச்சு கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள். உனக்குக் கொடுத்த அதே ஆஸ்பத்திரி, அதே கீழ்த்தளம். மொத்தம் முப்பத்தைந்து நாள். பதின்மூன்று முடிந்திருக்கிறது. என் முகத்தின் அச்சிலேயே வலைபோட்ட முகமூடி ஒன்று செய்து, அதைப் போட்டு என்னை மேசையோடு பூட்டிவிடுகிறார்கள். "ஆடாம உக்காருங்க" என்று முப்பது வருடம் ஊராரை அதட்டினேனே, அதையெல்லாம் மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

இப்போது கழுத்து சிவந்து, அரிப்பு தாங்க முடியவில்லை. காலர் பட்டால் எரிகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, கண்ணுக்குப் பிடிபடவில்லை. நர்ஸிடம் கேட்கலாம் என்றால் நான் நோட்டில் எழுதி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் பேசிவிடுகிறார். ஊரில் இருக்கிற கழுத்தையெல்லாம் பார்த்தவன் நான். என் கழுத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த வருடம் நீ உன் தோலுக்கு என்ன செய்தாய்? என்ன தடவினாய்? நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். ஆனால் எனக்கு ஒன்றுமே தெரியாது.

சலூன்காரன்


மார்ச் 10

சலூன்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் பிரிக்காமலும் இரண்டு நாள் பிரித்தபடியும் மேசையில் கிடந்தது. நோயாளி ஒருவர் கேட்ட பிறகு பதில் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

முதலில், சவரக்கத்தி அந்தக் கழுத்தின் பக்கமே போகக்கூடாது. தாடி வளர்ந்தால் வளரட்டும். பொறுக்க முடியவில்லை என்றால் எலக்ட்ரிக் மிஷின், அதுவும் டாக்டரிடம் கேட்டுவிட்டு. உங்களைத் தெரியும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்: படிகாரம் தேய்க்காதீர்கள். பவுடர், லோஷன், சென்ட் என்று கடை அலமாரியில் இருக்கிற எதையும் தொடாதீர்கள்.

வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத சோப்பு, வெறும் கை. கழுவிய பிறகு துண்டால் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள். களிம்பு டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டும்தான். கதிர்வீச்சுக்குப் போகிற நேரத்தில் அதைக் கெட்டியாகப் பூசிக்கொண்டு போகக்கூடாது. எரிகிறதே என்று ஐஸ் வைக்காதீர்கள், ஒத்தடமும் வேண்டாம். காலர் சட்டைகளை மடித்து உள்ளே வையுங்கள். வெயிலில் போகும்போது பழைய மெல்லிய பருத்தித் துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள். தோல் அரிக்கும்போது சொறியாமல் இருப்பது கஷ்டம். நகத்தையாவது ஒட்ட வெட்டி வையுங்கள்.

ஐந்தாவது வாரம் வாக்கில் தோல் உரியலாம். சில இடங்களில் ஈரம் கசியும். முப்பத்தைந்து நாள் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் மோசமாகத்தான் இருக்கும், அதற்கப்புறம்தான் ஆறும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். காலையும் மாலையும் கண்ணாடியில் பாருங்கள். உங்களிடம் கண்ணாடிக்கா பஞ்சம்.

சிகரெட்டைப் பற்றி எழுதப் போவதில்லை.

என் தோலுக்கு என்ன செய்தேன் என்று கேட்டிருந்தீர்கள். இதைத்தான் செய்தேன்.

சிஸ்டர்


மார்ச் 19

அன்புள்ள சிஸ்டருக்கு,

உன் கடிதத்தைக் களிம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். படிகாரம் ஏற்கனவே தேய்த்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு. கடைக்குள் சத்தம் போட்டு அழுதிருப்பேன், குரல் இருந்திருந்தால்.

கடையை மூடி ஒரு மாதம் ஆகிறது. பின்னால் இருக்கும் அறையில்தான் இருக்கிறேன். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே கால்கள் வந்து நிற்கும். குனிந்து பார்ப்பார்கள். தாடியோடு ஒருவன் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "கடைக்காரர் இல்லையா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். இல்லை என்று தலையாட்டுகிறேன். போய்விடுகிறார்கள். அது பொய்யென்றும் சொல்ல முடியாது.

சாப்பாட்டை எல்லாம் அரைத்துத்தான் குடிக்கிறேன். ருசி என்று ஒன்று கிடையாது. நாள் முழுக்க ஒருவரிடமும் ஒரு வார்த்தை இல்லாமல் போகிறது. முன்பெல்லாம் கத்தரிக்கோலைவிட என் வாய் வேகமாக ஓடும் என்பாய். இப்போது பேசுவதற்கும் ஆளில்லை, பேச வாயும் இல்லை. ரேடியோவில் யாராவது "நேயர்களே, நலமா?" என்று கேட்டால் தலையாட்டுகிறேன்.

கண்ணாடியில் பார்க்கச் சொல்லியிருந்தாய். கடையில் எதிரும் புதிருமாக இரண்டு சுவரிலும் கண்ணாடி இருப்பது உனக்குத் தெரியும். ஒரு கழுத்து நாற்பது கழுத்தாகத் தெரிகிறது. இரண்டிலும் செய்தித்தாள் ஒட்டிவிட்டேன். தடவிப் பார்த்தே மருந்து போடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். கோபப்படாதே. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போக முடியுமா? காதுக்குப் பின்னால் இருந்து பிடரி வரைக்கும் ஈரமாக இருக்கிற மாதிரி தெரிகிறது. பின்பக்கம் கை சரியாக எட்டவில்லை. நீ ஒரு தடவை கட்டிக் காட்டினால் போதும், பிறகு நானே பார்த்துக்கொள்வேன்.

சலூன்காரன்


மார்ச் 25

சலூன்காரருக்கு,

பின்பக்கம் கை எட்டவில்லை என்ற வரியை வார்டில் நின்றுகொண்டு வாசித்தேன். கையில் இருந்த டிரேயை ஓர் இடத்தில் வைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன்.

எனக்கும் எட்டவில்லை.

மார்பை எடுத்த பக்கம் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. கதிர்வீச்சில் அக்குளிலிருந்து முதுகுவரை தோல் உரிந்து போயிருந்தது. உங்கள் கடையில் ஒரு கைக்கண்ணாடி காணாமல் போனதே, பின்னந்தலையைக் காட்டுவீர்களே, அது. யார் எடுத்தார்கள் என்று ஒரு வாரம் வாடிக்கைக்காரர்களை எல்லாம் சந்தேகப்பட்டீர்கள். நான்தான் எடுத்தேன். அலமாரியில் அதைச் சாய்த்து வைத்து, முதுகைத் திருப்பி, வலது கையால் மருந்துத் துணியை எறிகிற மாதிரி வைப்பேன். நான்கு தடவைக்கு ஒரு தடவை சரியான இடத்தில் விழும்.

ஒரே ஒரு நாள் உங்களைக் கூப்பிட்டேன். "கொஞ்சம் இந்தத் துணியைப் பிடிங்க, முதுகுப் பக்கம் எட்ட மாட்டேங்குது" என்றேன். வந்தீர்கள். கதவிடுக்கு வழியாகக் கையை மட்டும் உள்ளே நீட்டினீர்கள். முகம் வெளிப்பக்கம் இருந்தது. "சீக்கிரம், கடையில ஆள் உக்காந்திருக்கு" என்றீர்கள்.

அன்றைக்குக் கடை விடுமுறை.

அதன் பிறகு நீங்கள் கடையிலேயே படுத்துக்கொண்டீர்கள். நானும் கேட்கவில்லை. கடைசிக் கதிர்வீச்சு முடிந்து தோல் காய்ந்த பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சண்டை போட்டுப் பிரிந்தோம் என்று ஊரில் சொல்கிறார்கள். நாம் எங்கே சண்டை போட்டோம்?

வர மாட்டேன். ஆத்திரத்தில் எழுதவில்லை. ஆத்திரமெல்லாம் அடங்கிய பிறகு எழுதுவதால்தான் இத்தனை நாள் ஆனது.

பின்பக்கத்துக்கு வழி சொல்கிறேன். கீழ்த்தளத்தில் கதிர்வீச்சு அறைக்கு இடதுபக்கம் டிரெஸ்ஸிங் அறை இருக்கிறது. காலையில் போனால் கூட்டம் குறைவு. ஈரம் கசிகிற இடத்துக்கு ஒட்டாத துணி வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்திரியை நேராகத் தோலில் ஒட்ட விடாதீர்கள், எடுக்கும்போது தோலும் கூட வரும். கழுத்தில் வலைப்பட்டை மாட்டித் துணியை நிறுத்துவார்கள். பேச முடியாவிட்டால் என்ன, இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். மேலே இருப்பதை மடித்துக்கொண்டு இந்தப் பத்தியை மட்டும் காட்டுங்கள்.

அந்தச் செய்தித்தாளைக் கிழித்துப் போடுங்கள். புண்ணைப் பார்க்காமல் மருந்து போட முடியாது. யாருடைய புண்ணாக இருந்தாலும் சரி.

சிஸ்டர்


ஏப்ரல் 14

சிஸ்டருக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். இப்போது பரவாயில்லை. பயப்படாதே. பயப்படுவாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

நீ சொன்னதைக் கேட்கவில்லை. உன் கடிதத்தை வாசித்த பிறகு டிரெஸ்ஸிங் அறைக்குப் போகவும் மனம் வரவில்லை, பேப்பரைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. மூன்றாம் நாள் தலையணையில் வாடை அடித்தது. தலையணையை மாற்றினேன். மறுநாளும் அடித்தது. அன்று காய்ச்சல். கதிர்வீச்சுக்குப் போனவனை அப்படியே படுக்கையில் போட்டார்கள். கழுத்துத் துணியை எடுத்த நர்ஸ், "எத்தனை நாளா இப்படி இருக்கு? பாக்கவே இல்லையா நீங்க?" என்று கேட்டாள். நோட்டை நீட்டினாள். "இல்லை" என்று எழுதினேன்.

தினமும் காலையில் அவள் உப்புத் தண்ணீரால் கழுவிக் கட்டுவாள். வலியைவிட எனக்கு அதிசயமாக இருந்தது அவள் பார்த்த விதம்தான். மணி என்ன என்று கடிகாரத்தைப் பார்ப்போமே, அப்படிப் பார்ப்பாள். முகம் மாறாது. நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை என்பாள். நீயும் இத்தனை வருடம் இத்தனை பேரை அப்படித்தானே பார்த்திருப்பாய் என்று தோன்றியது. உன்னை அப்படிப் பார்க்க ஒரு ஆள் இல்லாமல் போயிற்று.

ஐந்தாம் நாள் ஒன்று நடந்தது. எதிர் வார்டில் ஓர் அம்மா. உன் வயதுதான் இருக்கும். மருந்து ஏற்றியதில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, மிச்சம் இருந்தது சிக்குப் பிடித்து, மண்டையெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக இருந்தது. எடுத்துவிட வேண்டும், ஆனால் யாரும் தொடப் பயப்படுகிறார்கள். நான் சலூன்காரன் என்று நர்ஸ் எப்படியோ சொல்லிவிட்டாள். அந்த அம்மா என் கட்டிலுக்கே வந்து நின்றாள்.

"அண்ணே, எனக்கு எடுத்து விடுவீங்களா?"

கத்தி கூடாது, மிஷின்தான் என்று நோட்டில் எழுதினேன். நர்ஸே ஒன்றைத் தேடிக் கொண்டு வந்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். பார்த்தால் நல்ல மனுஷன். பழம் வாங்கி வருவார், பில் கட்ட ஓடுவார், மாத்திரை நேரம் தவற மாட்டார். ஆனால் அந்த நேரத்தில் அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார். அதில் மொத்தமே நான்கு வரிதான் இருந்தது.

மிஷினை நிறுத்தினேன். போய் அவர் தோளைத் தட்டி நோட்டைக் காட்டினேன். "உள்ள வந்து துண்டைப் பிடிங்க."

"நீங்க எடுங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

நான் மறுபடியும் அதே வரியைக் காட்டினேன்.

"எனக்கு இதெல்லாம் பாக்க முடியாதுங்க" என்றார், சின்னக் குரலில்.

உள்ளே இருந்து அந்த அம்மா சொன்னாள்: "விடுங்கண்ணே. அவருக்குப் பழக்கமில்ல."

அவள் குரலில் கோபமே இல்லை, சிஸ்டர். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "நானும் பாக்கல. இப்ப வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன்." அவர் அதை ரொம்ப நேரம் வாசித்தார். பிறகு உள்ளே வந்து துண்டைப் பிடித்தார். முடி முழுக்க எடுத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பெண்டாட்டியின் தலையை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றார். அவள், "என்ன, அசிங்கமா இருக்கா?" என்று கேட்டாள். "காது பெருசா தெரியுது" என்றார். அவள் சிரித்தாள். எங்கள் வார்டில் அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கடைக்குத் திரும்பியதும் கண்ணாடியில் ஒட்டியிருந்த பேப்பரைக் கிழித்தேன். பார்த்தேன். இரண்டு வேளையும் பார்க்கிறேன். முப்பத்தைந்தும் முடிந்தது. தாடைக்குக் கீழே புதுத்தோல் வருகிறது, ரோஸ் நிறத்தில், பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்த நாளில் எனக்குப் பயமாக இருந்தது என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பயம் என்று சொன்னால் நீ பாவப்பட்டுவிடுவாய், நானும் தப்பித்துவிடுவேன். பயம் கொஞ்சம் இருந்தது. மிச்சம் அருவருப்புதான். உன் உடம்பைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்துவிடுமோ என்று ஒதுங்கினேன், ஒதுங்கியதாலேயே அது பெரிதாகிவிட்டது. கடை விடுமுறை என்று எனக்கும் தெரியும். சொல்லும்போதே தெரியும்.

வரச் சொல்லி இனி கேட்க மாட்டேன். பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை.

சலூன்காரன்


ஏப்ரல் 27

சலூன்காரருக்கு,

காய்ச்சல் திரும்ப வந்ததா? குரல் வருகிறதா? வந்தாலும் கத்திப் பேசாதீர்கள், கிசுகிசுப்பாகவும் பேசாதீர்கள், இரண்டும் தொண்டைக்குக் கெடுதல். புதுத்தோல் வந்த இடத்தில் நேரடி வெயில் இந்த வருடம் பூராவும் படக்கூடாது. அதற்கப்புறமும் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். அருவருப்பு என்ற வார்த்தை வலித்தது. ஆனாலும் ஒன்பது வருடமாக நான் மனதுக்குள் உங்களுக்குப் பதிலாக நானே சொல்லிக்கொண்டிருந்த சமாதானங்களைவிட அது மேல். வேலைப்பளு என்று சொல்லிப் பார்த்தேன். ஆண்களே அப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் மனதில் உட்காரவில்லை. இது உட்கார்ந்துவிட்டது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சரியாகவில்லை. இங்கே எனக்கு ஓர் அறை இருக்கிறது, ஒரு ஜன்னல் இருக்கிறது, வேலை இருக்கிறது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். முதலில் அது நிம்மதியாக இருந்தது. இப்போதெல்லாம் சில நாள் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு செருப்பைக் கழற்றாமல் நிற்கிறேன். நீங்கள் ரேடியோவுக்குத் தலையாட்டுவதாக எழுதியதை வாசித்துச் சிரிக்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்துக் கை அப்போதிருந்தே வீங்கித்தான் இருக்கிறது. நாள் முழுக்க இறுக்கமான உறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். போன மாதம் சின்னக் கீறல் ஒன்று பழுத்து, கை முழுக்கச் சிவந்து, மூன்று நாள் ஊசி போட வேண்டியதாயிற்று. நான் வேலை பார்க்கும் வார்டிலேயே படுத்திருந்தேன். எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். பார்வையாளர் நேரம் வந்தால் மட்டும் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன்.

மே மாதம் 12-ஆம் தேதி காலை பத்து மணிக்கு எனக்கு வருடாந்திரப் பரிசோதனை. உங்கள் ஊரில், அதே ஆஸ்பத்திரியில், இரண்டாவது மாடி. ஒவ்வொரு வருடமும் வருகிறேன். பஸ்ஸில் இருந்து இறங்கி, உங்கள் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போய், பார்த்துவிட்டு மத்தியான பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். இந்த வருடமும் மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அந்த வீட்டுக்கு வர மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளியே நீல நாற்காலிகள் வரிசையாக இருக்கும். என்னைக் கூப்பிடும்போது நீங்களும் உள்ளே வரலாம், விடுவார்கள். டாக்டர் மேல்துணியை எடுக்கச் சொல்லித் தழும்பைத் தொட்டுப் பார்ப்பார். தழும்பு கோணல்மாணலாக இருக்கும், அக்குள் பக்கம் தோல் கறுத்து மரத்திருக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அப்போது சுற்றிலும் திரையை இழுப்பார்கள். வருவதாக இருந்தால் திரைக்கு உள்ளே நிற்க வேண்டும். ஒன்றும் பேச வேண்டாம்.

பதிவு செய்கிற இடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். "கூட யாராவது வந்திருக்காங்களாம்மா?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பாள். யாரும் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. இந்த வருடம் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன்.

சிஸ்டர்